சமஸ்கிருதமும் டச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெதர்லாந்துக்கு வேலைக்கு வந்து சேரும் தமிழர்கள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் டச்சு சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியில் சமஸ்கிருதம் எடுத்துப் படித்தவன் என்பதால், பாடத்தின் நடுவே 'நாம்' (பெயர்), 'வேடுவெ' (விதவை) மாதிரிச் சொற்கள் வந்தால் ஒப்பிட்டுச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. உடனே கேள்விகள் கிளம்பிவிடும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை, அதனால் அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். டச்சுச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன்.

டச்சுன்னா ஜெர்மன்தானே? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. நெருங்கிய சொந்தம், ஆனால் தனித்தனி மொழிகள். டச்சுக்காரர்கள் தங்கள் மொழியை 'நேடெர்லான்ட்ஸ்' என்கிறார்கள். ஜெர்மானியர் தங்கள் மொழியை 'டொய்ட்ச்' என்பதும், ஆங்கிலேயர் இதை 'டச்' என்பதும் ஒரே பழைய சொல்லிலிருந்து வந்தவை. குழப்பத்துக்குக் காரணம் அதுதான்.

நெதர்லாந்து, பெல்ஜியத்தின் வடபகுதி, தென்னமெரிக்காவில் இருக்கும் சுரிநாம் ஆகியவற்றில் இது ஆட்சிமொழி. இரண்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தாய்மொழி. சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிந்தவர்கள் இந்தியாவில் 24,821 பேர்.

சமஸ்கிருதம் எங்கே, டச்சு எங்கே? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் வீட்டுக் காலண்டரில் திதிகளைப் பாருங்கள். பஞ்சமி, சஷ்டி, சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி. இப்போது டச்சில் ஐந்திலிருந்து பத்து வரை எண்ணுங்கள்: ஃபெய்ஃப், ஸெஸ், ஸேவென், அஹ்ட், நேஹென், டீன். சஷ்டிக்கும் ஸெஸ்ஸுக்கும், அஷ்டமிக்கும் அஹ்டுக்கும் உள்ள ஒற்றுமை யாருக்கும் தெரியும். பஞ்சமிக்கும் ஃபெய்ஃபுக்கும் உள்ளது தெரியாது, ஆனால் அதுவும் உறவுதான். எப்படி என்று ஐந்தாவது கேள்வியில் வருகிறது.

இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்டு, எழுத்தில் வராமலே மறைந்துபோன ஒரு மொழியிலிருந்து கிளைத்தவை. ஒரு கிளை ஈரான் பக்கமும் இந்தியாவுக்கும் வந்தது. இன்னொன்று வடக்கு ஐரோப்பாவில் ஜெர்மானியக் கிளையாகி, அதிலிருந்து டச்சு, ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் எல்லாம் பிறந்தன.

அப்போ சமஸ்கிருதம்தான் டச்சுக்குத் தாயா? எல்லா மொழிக்கும் அதுதான் தாய்னு சொல்றாங்களே?

தாய் இல்லை. வீட்டுக் கணக்கில் சொன்னால், டச்சின் பாட்டிக்கு அக்கா முறை ஆகலாம். இதை ஒரே ஒரு சொல்லை வைத்து நிரூபிக்கலாம். நூறு என்பது சமஸ்கிருதத்தில் 'சதம்', டச்சில் 'ஹொண்டெர்ட்'. லத்தீனில் 'கென்டும்', கிரேக்கத்தில் 'ஹெகடோன்'. லத்தீனிலும் கிரேக்கத்திலும் இருக்கும் அந்த 'க'தான் பழைய ஒலி. ஜெர்மானியக் கிளையில் 'க' என்பது 'ஹ' ஆனது, சமஸ்கிருதத்தில் அதே 'க' என்பது 'ச' ஆனது. டச்சின் 'ஹ' சமஸ்கிருதத்தின் 'ச'விலிருந்து வந்திருக்க வழியில்லை. இருவரும் ஒரே 'க'வைத் தனித்தனியாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாய்க்கு 'சுவானம்' – 'ஹொண்ட்', தலைக்குச் 'சிரசு' – மூளைக்கு 'ஹெர்ஸெனென்'. எல்லாவற்றிலும் இதே கதை.

தன் மொழிதான் ஆதிமொழி என்ற ஆசை எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஆன்ட்வெர்ப் நகரத்தில் கொரோப்பியுஸ் பெக்கானுஸ் என்ற மருத்துவர், ஆதாமும் ஏவாளும் பேசியது ஆன்ட்வெர்ப் டச்சுதான் என்று 1569-ல் பெரிய நூலே எழுதினார். டச்சுச் சொற்கள் குறுகியவை, குறுகியவைதான் பழையவை என்பது அவர் வாதம். அவரை இன்று யாரும் ஏற்பதில்லை.

சரி, எது பழசு?

எழுத்திலும் ஓதுதலிலும் கிடைப்பதை வைத்துச் சொன்னால் சமஸ்கிருதம், அதில் போட்டியே இல்லை. ரிக் வேதத்தின் பழைய பகுதிகளைப் பொதுவாகக் கி.மு. 1500 முதல் 1200 வரை என்று கணிக்கிறார்கள். கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டிலேயே பாணினி ஏறக்குறைய 4,000 சூத்திரங்களில் இலக்கணம் செய்துவிட்டார். டச்சுக்கு முதல் அச்சு இலக்கணம் வந்தது 1584-ல்.

பழைய டச்சு என்றதும் இங்கே எல்லோரும் சொல்வது 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட ஒரே ஒரு வரி. இங்கிலாந்தில் ஒரு துறவி புதிய இறகுப் பேனாவைச் சோதித்துப் பார்க்க எழுதியதாம்: பறவைகள் எல்லாம் கூடு கட்டத் தொடங்கிவிட்டன, நானும் நீயும்தான் பாக்கி. அதைவிடப் பழைய துணுக்குகளும் உண்டு. ஆனாலும் மனசில் நிற்பது இதுதான், குறுந்தொகைப் பக்கத்திலிருந்து கிழிந்து விழுந்தது மாதிரி இருக்கிறது.

'பிதா'வும் 'ஃபாடெர்'உம் ஒண்ணுன்னு எப்படிச் சொல்றீங்க? சத்தம் கொஞ்சம் ஒத்துப்போனா போதுமா?

போதாது. ஒலி ஒத்திருப்பது முக்கியமே இல்லை. ஒலி மாறியிருக்கும் விதம் சொல்லுக்குச் சொல் ஒழுங்காக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிதா – ஃபாடெர், பாதம் – ஃபூட், பஞ்ச – ஃபெய்ஃப். சொல்லின் தொடக்கத்தில் சமஸ்கிருதம் 'ப' வைத்த இடத்தில் டச்சு 'ஃப' வைக்கிறது. இந்த ஒழுங்கை 1818-ல் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் கவனித்தார், 1822-ல் ஜெர்மனியின் யாகோப் கிரிம் முழு விதியாக எழுதினார். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் அவரேதான்.

இந்த விதியின் பாதி, தமிழில் எழுதும்போது கண்ணுக்குத் தெரியாது. நம்மிடம் கல்லுக்கும் கோபாலனுக்கும் ஒரே 'க'தான். ஆனால் சமஸ்கிருதத்தில் 'க', 'த' போன்ற ஒவ்வொன்றும் நான்கு எழுத்தாக (வர்க்கம்) இருக்கும்: முதலாவது வல்லொலி, மூன்றாவது மெலிந்த ஒலி, இரண்டாவதும் நான்காவதும் அவற்றோடு மூச்சொலி சேர்ந்தவை. கோபாலனில் வரும் 'கோ' (பசு), க-வர்க்கத்தின் மூன்றாம் எழுத்து. டச்சில் பசு 'கூ', அதில் வருவது முதல் எழுத்து, கல்லின் 'க'. அதேபோல 'தந்தம்', 'தசம்' இரண்டிலும் இருக்கும் மெலிந்த 'த', டச்சில் 'டண்ட்' (பல்), 'டீன்' (பத்து) என்று வல்லொலியாகிறது. காதால் கேட்டால்தான் பிடிபடும். முழங்கால் 'ஜானு'வுக்கு டச்சில் 'க்னீ'. ஆங்கிலேயர் எழுத்தில் வைத்துக்கொண்டு வாயில் விழுங்கிவிட்ட அந்த 'க்', டச்சுக்காரர் வாயில் இன்றும் ஒலிக்கிறது.

பஞ்சமிக்கு வருவோம். மூலச் சொல்லில் நடுவே ஒரு மெல்லெழுத்து இருந்தது, சமஸ்கிருதத்தில் 'ஞ்' ஆக இருக்கிறது. ஜெர்மனில் 'ஃபுன்ஃப்' என்று இன்னும் வைத்திருக்கிறார்கள். டச்சில் அது விழுந்து, உயிர் நீண்டு, ஃபெய்ஃப் ஆயிற்று.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி வேறு. வேத மொழியில் 'வேத' என்றால் 'அறிவேன்'. டச்சில் 'எனக்குத் தெரியும்' என்பதற்கு 'இக் வேட்'. மூல மொழியில் அந்த வேருக்குப் 'பார்' என்று பொருள், வடிவமோ முடிந்த செயலுக்கு உரியது. கண்டிருக்கிறேன், ஆகவே தெரியும். அந்தப் பழைய வடிவம் இரண்டு மொழியிலும் நிகழ்காலப் பொருளோடு அப்படியே நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி தோட்டத்தில் நின்றுகொண்டு 'இக் வேட் ஹெட்' (எனக்குத் தெரியும்) என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வேதம் என்ற சொல்தான் ஞாபகம் வருகிறது.

அப்படின்னா ஒரே மாதிரி கேக்குற சொல்லெல்லாம் சொந்தம்தானே? 'காலம்', டச்சு 'கால்'?

டச்சில் 'கால்' என்றால் வழுக்கை. காலத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. மேலே சொன்ன விதிப்படி பழைய 'க' டச்சில் 'ஹ' ஆகியிருக்க வேண்டும். ஆகவே சமஸ்கிருதத்திலும் வல்லொலி 'க', டச்சிலும் வல்லொலி 'க' என்று ஒரு சொல் அப்படியே ஒத்தால் சந்தேகப்படுங்கள். ஒன்று தற்செயலாக இருக்கும், அல்லது கடன் சொல்லாக இருக்கும்.

கடனுக்கு நல்ல உதாரணம் 'பேப்பெர்', அதாவது மிளகு. சமஸ்கிருதத்தின் 'பிப்பலி' (நம் திப்பிலி) கிரேக்கம், லத்தீன் வழியாகப் போய்ச் சேர்ந்தது. ப-ஒலி மாற்றமெல்லாம் முடிந்த பிறகு வந்த சொல் என்பதால் 'ஃப' ஆகவில்லை. சர்க்கரை 'சௌக்கெர்' ஆனதும் இப்படித்தான், பாரசீகமும் அரபும் கடந்து வந்தது. இஞ்சிக்கு 'ஹெம்பெர்' என்கிறார்கள். அது 'சிருங்கவேர' என்ற வடசொல்லுக்குப் போகிறது, அந்த வடசொல்லே நம் இஞ்சியையும் வேரையும் சேர்த்துச் செய்தது என்பது அறிஞர் பலரின் கருத்து.

டச்சில 'இரு'ங்கிற வினை மட்டும் ஏன் இப்படிப் படுத்துது? பென், இஸ், ஸெய்ன், வாஸ், வாரென்... ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லையே?

வகுப்பில் எல்லோரும் திணறும் இடம் இது. எனக்கு மிகப் பிடித்த பாடமும் இதுதான், ஏனென்றால் இங்கே சமஸ்கிருதம் நிஜமாகவே உதவுகிறது. டச்சின் இந்த வினை மூன்று வெவ்வேறு வினைகளைச் சேர்த்துத் தைத்தது. சமஸ்கிருதத்தில் அந்த மூன்றும் இன்னும் தனித்தனியாகவே இருக்கின்றன.

'இஸ்', 'ஸெய்ன்' இரண்டும் 'அஸ்தி' என்பதன் வேர்: ஆஸ்திகர், நாஸ்திகர் என்ற சொற்களில் இருப்பது. 'பென்' என்பதற்கு அந்த 'ப' கிடைத்தது 'பவ' என்பதன் வேரிலிருந்து: சம்பவம், உற்பவம். மூன்றாவது 'வாஸ்'. இது 'வஸ்', அதாவது தங்குதல். நாம் வசிக்கிறோம், வாசஸ்தலம் என்று சொல்லும் அதே வேர். டச்சுக்காரர் 'இக் வாஸ்' (நான் இருந்தேன்) என்னும்போது, சொல்லின் ஆழத்தில் இருப்பது 'வசித்தேன்'.

அப்புறம், ஒருமையில் 'வாஸ்', பன்மையில் ஏன் 'வாரென்'? 'ஸ்' எங்கே போயிற்று, 'ர்' எங்கிருந்து வந்தது? கிரிம் விதிக்கு அடங்காத இந்த மாதிரி விலக்குகளை 1870-களில் விடுவித்தவர் டென்மார்க்கின் கார்ல் வெர்னர், அவருக்குச் சாவி கொடுத்தது வேத மொழி. வேதத்தில் எந்த அசை உயர்த்தி ஓதப்பட வேண்டும் என்பது குறிக்கப்பட்டிருக்கிறது. இந்த வகை வினைகளில் ஒருமைக்கு அழுத்தம் வேரில், பன்மைக்கு விகுதியில். அழுத்தம் வேரில் நின்றபோது ஜெர்மானிய 'ஸ்' அப்படியே இருந்தது, பின்னால் நகர்ந்தபோது மெலிந்து 'ர்' ஆனது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழந்தை 'வாஸ்', 'வாரென்' என்று மாற்றிச் சொல்லப் பழகுவதற்கான காரணம், வேதம் ஓதுகிறவர்களின் குரலில் காப்பாற்றப்பட்டிருந்தது.

சமஸ்கிருதத்தில எட்டு வேற்றுமை, மூணு எண், மூணு பால். டச்சில அதெல்லாம் எங்க போச்சு?

தேய்ந்துபோயிற்று. வேதத்தில் அழுத்தம் சொல்லுக்குச் சொல் இடம் மாறும் என்று மேலே பார்த்தோம். ஜெர்மானியக் கிளை பிற்பாடு அழுத்தத்தை முதல் அசையில் நிரந்தரமாக வைத்துவிட்டது. தலையை அழுத்திச் சொன்னால் வால் மங்கத்தானே செய்யும்! விகுதிகள் எல்லாம் ஒரே மாதிரி 'எ' ஆகி, பிறகு பலவும் உதிர்ந்தன. மூன்று பாலில் ஆணும் பெண்ணும் கலந்து, இன்று முன்னால் 'டெ' சேரும் சொற்கள், 'ஹெட்' சேரும் சொற்கள் (இரண்டும் ஆங்கிலத்தின் 'தி' மாதிரி) என்று இரண்டே அணிகள்.

மிச்சங்கள் உண்டு. 'ஸாஃபொன்ட்ஸ்' (மாலையில்) என்பதன் முதலில் ஒட்டியிருக்கும் 'ஸ்' பழைய ஆறாம் வேற்றுமை. 'ஸெர்டோஹென்போஸ்' என்ற ஊர்ப்பெயரும் அப்படியே: பிரபுவின் காடு.

சந்தி, சமாசம் எல்லாம் டச்சில உண்டா?

தொகைச் சொற்கள் தாராளமாக உண்டு. ராஜபுத்திரன் என்பதற்கு 'கோனிங்ஸ்ஸோன்'. நடுவில் ஒரு 'ஸ்' நிற்கிறது பாருங்கள், அது வேற்றுமை உருபின் எச்சம். சமஸ்கிருதத்திலும் யுதிஷ்டிரன் என்ற பெயரில் 'யுதி' (போரில்) உருபோடுதான் நிற்கிறது. நம் அன்மொழித்தொகைக்கு இணையும் இருக்கிறது: 'ரோட்போர்ஸ்ட்' என்றால் சிவந்த மார்பு, ஆனால் குறிப்பது அந்த மார்பு உடைய ஒரு சிறு பறவையை. 'ரோட்' என்பது 'ருதிரம்' என்பதற்கு உறவு. உதிரம் என்று நாம் சொல்வதும் அதுதான்.

சந்தி எழுத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. வாக் + ஈசன் = வாகீசன் என்னும்போது க் மெலிகிறது, வாக்தேவி என்பதைச் சரியாக உச்சரித்தாலும் மெலியும். டச்சில் கைக்குட்டை 'ஸாக்' + 'டூக்'. சேர்த்துச் சொல்லும்போது அந்த 'க்' வாகீசனில் வருவது போலவே மெலிந்துவிடும். தனியாக நிற்கும் 'க்' அப்படி மெலிவது டச்சில் வழக்கமே இல்லை, பின்னால் வரும் எழுத்து செய்யும் வேலை அது. இதைப் பரம்பரைச் சொத்து என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மொழியும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்த ஒரே வழக்கம்.

சமஸ்கிருதம் தெரிஞ்சா டச்சு சீக்கிரம் வந்துடுமா?

வராது. சொற்களுக்கு உங்கள் ஆங்கிலம்தான் உதவும். அது பக்கத்து வீடு. சமஸ்கிருதம் படித்தவர்களுக்கு ஒரு சொல் ஏன் இப்படி இருக்கிறது என்ற காரணம் கிடைக்கும், அதனால் மறக்காது. அவ்வளவுதான்.

வாக்கிய அமைப்பில் தமிழ் உதவும். 'அவன் வீடு வாங்கினான்' என்று தனியாகச் சொன்னால் டச்சில் வினை இரண்டாம் இடத்தில் வரும். 'அவன் வீடு வாங்கினான் என்று நினைக்கிறேன்' என்றால் உள்ளே இருக்கும் வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும்: 'இக் டெங்க் டாட் ஹெய் என் ஹௌஸ் கொஹ்ட்'. 'கொஹ்ட்' என்பதுதான் வாங்கினான். டச்சின் அடிப்படை வரிசையே வினை கடைசியில் வருவதுதான் என்று யான் கோஸ்டர் என்ற டச்சு மொழியியலாளர் 1975-ல் வாதிட்டார். ஆங்கிலத்தில் யோசித்தால் இங்கே தடுக்கும், தமிழில் யோசியுங்கள். சமஸ்கிருதமும் பெரும்பாலும் வினையைக் கடைசியில் வைப்பதுதான், ஆனால் அதற்கு வரிசைக் கட்டாயம் கிடையாது.

தமிழுக்கும் டச்சுக்கும் சொந்தம் உண்டா?

குடும்ப உறவு இல்லை, தமிழ் திராவிடக் குடும்பம். கொடுக்கல் வாங்கல் உண்டு. கக்கூஸ் டச்சு 'கக்ஹௌஸ்'. துட்டு அவர்களின் 'டௌட்' என்ற செப்புக்காசு. இலங்கைத் தமிழில் அலுவலகத்துக்குக் கந்தோர் என்பது 'கன்டோர்'.

'த' எல்லாம் டச்சில வல்லினம் ஆகும்னீங்க. 'துவாரம்' – 'டோர்' (கதவு) ரெண்டும் மெல்லத்தானே ஒலிக்குது? விதி உடைஞ்சிடுச்சே?

நல்ல பிடி. துவாரபாலகரின் 'துவார'வும் டச்சு 'டோர்'உம் உறவுதான், இரண்டிலும் மெலிந்த ஒலிதான். தந்தம், தசம் போல இருந்திருந்தால் டச்சில் வல்லொலி வந்திருக்க வேண்டும்.

விலகிப் போனது இங்கே டச்சு இல்லை, சமஸ்கிருதம். மூலச் சொல்லில் இருந்தது த-வர்க்கத்தின் நான்காம் எழுத்து, தர்மத்தில் வருவது. அந்த எழுத்து டச்சில் மெலிந்த 'ட' ஆவது ஒழுங்கான வழி: 'மது' – 'மேடெ' (தேன் மது), 'விதவா' – 'வேடுவெ'. சமஸ்கிருதம் மட்டும் கதவில் அந்த மூச்சொலியை விட்டுவிட்டு மூன்றாம் எழுத்தாக்கிக்கொண்டது. இரண்டு என்ற 'துவி'யின் சாயல் பட்டிருக்கலாம் என்று விளக்குகிறார்கள், பழைய கதவு இரட்டைக் கதவுதானே. மூன்றாவது கேள்விக்கு இது இன்னொரு சாட்சி: சில இடங்களில் டச்சு காட்டும் தடம் சமஸ்கிருதத்தில் அழிந்திருக்கிறது.

ரெண்டு மொழியும் வேற எங்கயாவது நேருக்கு நேர் சந்திச்சிருக்கா?

ஜாவாவில். சமஸ்கிருதம் இந்தோனேசியத் தீவுகளுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது, டச்சு 17ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தது. இந்தோனேசிய மொழியில் 'பஹாசா' (பாஷை), 'குரு', 'பூமி' முன்னதின் கொடை. 'ஹண்டுக்' (துண்டு), 'குல்காஸ்' (குளிர்பதனப் பெட்டி) பின்னதின் கொடை. அலுவலகத் தலைவருக்கு அங்கே 'கெபாலா கன்டோர்' என்று பெயர். முதல் சொல் கபாலீஸ்வரரின் கபாலம், இரண்டாவது யாழ்ப்பாணத்துக் கந்தோர். 1865-ல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியரான ஹென்ட்ரிக் கெர்ன் பிறந்ததும் ஜாவாவில்தான்.

டச்சுக்காரங்க நம்ம பக்கத்துல இத்தனை காலம் இருந்தாங்களே, இந்த உறவை ஏன் அவங்க முதல்ல கண்டுபிடிக்கல?

மிக நெருங்கி வந்தார்கள். பழவேற்காட்டில் டச்சுக் கோட்டை இருந்தபோது, 1630-களில் அங்கே பாதிரியாக இருந்தவர் ஆப்ரஹாம் ரொஹேரியுஸ். பத்மநாபர் என்ற பிராமணர் அவருக்குச் சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியப் பாடல்களை விளக்கினார். ரொஹேரியுஸ் அதை டச்சில் எழுதினார். அவர் இறந்த பின் 1651-ல் லெய்டனில் அது அச்சானது. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழியில் அச்சேறிய மிக முந்தைய நிகழ்ச்சிகளில் ஒன்று அது. நூலின் தலைப்பில் 'திறந்த கதவு' என்ற தொடர் இருக்கிறது, மேலே சொன்ன அதே 'டோர்'.

அந்த லெய்டனில் அதே நாட்களில் மார்குஸ் பொக்ஸ்ஹார்ன் என்ற பேராசிரியர் இருந்தார். டச்சு, ஜெர்மன், கிரேக்கம், லத்தீன், பாரசீகம் எல்லாம் மறைந்துபோன ஒரே மொழியின் பிள்ளைகள் என்று 1647-லேயே எழுதியவர். அவருடைய பட்டியலில் சமஸ்கிருதம் இல்லை. பர்த்ருஹரியின் நூல் அச்சானதோ அவர் வாழ்ந்த ஊரில், அவர் உயிரோடு இருந்தபோது.

ஆனால் பத்மநாபர் விளக்கியது போர்த்துகீசிய மொழியில். ரொஹேரியுஸுக்குச் சமஸ்கிருதம் தெரியாது. பாடலின் பொருள் கப்பலேறிப் போயிற்று, ஒலி பழவேற்காட்டிலேயே தங்கிவிட்டது. 'பிதா', 'பாதம்', 'சதம்' என்ற ஒலிகள் பக்கத்தில் இருந்தால்தானே ஒப்பிட முடியும்! பொக்ஸ்ஹார்ன் 1653-ல் இறந்தார். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதத்தையே படித்துவிட்டு அந்த உறவை அறிஞர் சபையில் சொன்னது 1786-ல், 133 ஆண்டுகள் கழித்து.